ஏழு கல்லும் ஏழு தாயும்: சப்தமாதர் வழிபாட்டின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் கோயில் கலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்ததும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். “சார், எங்க பாட்டி வீட்டு வேலியோரத்துல ஏழு கல்லு வச்சிருக்காங்க. தோட்டத்தை வித்தப்போ அங்கிருந்து சாக்குல கட்டி எடுத்துட்டு வந்தாங்களாம். கன்னிமாருன்னு சொல்றாங்க. அதுக்கெல்லாம் சரித்திரம் இருக்கா சார், இல்ல அது சும்மா நம்பிக்கைதானா?” என்று கேட்டாள்.

அன்று அவளுக்கு முழுமையான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. “சக்தி வழிபாடு பழமையானது” என்று ஒரு வரி சொல்லி அனுப்பிவிட்டேன். நம்மில் பலர் இப்படித்தான் சமாளிக்கிறோம். தேர்வுத் தாள்களிலும் அதே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கட்டுரை அன்று சொல்லாமல் விட்ட பதில். பொறுமையாகப் படியுங்கள், அந்த ஏழு கல்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று பார்ப்போம்.

1. யார் இந்த ஏழு பேர்?

சிவன் கோயிலுக்குப் போனால் பிராகாரத்தின் தென்பக்கத்தைப் பாருங்கள். வடக்கு நோக்கி ஏழு பெண் தெய்வங்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஒரு முனையில் வீரபத்திரர், மறு முனையில் விநாயகர். நடுவில் இருக்கும் எழுவரே சப்தமாதர். அவர்களை அடையாளம் காணும் வழி இது:

பிராமி: பிரமனைப் போல நான்கு முகம், புடைப்புச் சிற்பத்தில் மூன்று முகமே தெரியும். வாகனம் அன்னம்.
மகேசுவரி: சடைமுடி, சூலம் அல்லது மழு. வாகனம் காளை.
கௌமாரி: முருகனின் வேல். வாகனம் மயில்.
வைஷ்ணவி: சங்கும் சக்கரமும். வாகனம் கருடன்.
வாராகி: பன்றி முகம். வரிசையில் யாரும் தவறவிட முடியாத உருவம்.
இந்திராணி: வச்சிராயுதம். வாகனம் யானை.
சாமுண்டி: தீச்சுடர் போன்ற முடி, மண்டையோட்டு மாலை. காலடியில் பிணம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? முதல் ஆறு பேரும் ஓர் ஆண் தெய்வத்தின் ஆற்றலாக, அவருடைய ஆயுதத்தோடும் வாகனத்தோடும் இருக்கிறார்கள். சாமுண்டி மட்டும் யாருடைய சாயலும் இல்லாமல் தனியாக நிற்கிறாள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. புராணம் சொல்லும் கதைகள்

மார்க்கண்டேய புராணத்தின் ஒரு பகுதியான தேவி மகாத்மியத்தில் வரும் கதைதான் பரவலாகத் தெரிந்தது. சும்பன், நிசும்பன் என்னும் அசுரர்களோடு தேவி போரிடுகிறாள். அவளுடைய நெற்றியிலிருந்து காளி தோன்றி, சண்டன், முண்டன் ஆகிய இருவரையும் கொல்கிறாள். அதனால் சாமுண்டி என்று பெயர் பெறுகிறாள். பிறகு தேவர்களின் உடல்களிலிருந்து அவரவர் சக்திகள் பெண் உருவம் கொண்டு போர்க்களத்துக்கு வருகிறார்கள். இரத்தபீசன் என்ற அசுரனின் குருதி ஒரு துளி தரையில் விழுந்தால், அதிலிருந்து அவனைப் போலவே இன்னொருவன் எழுவான். மாதர்கள் வெட்ட வெட்ட அசுரர் பெருகுகிறார்கள். கடைசியில் சாமுண்டி வாயைத் திறந்து அந்தக் குருதி மண்ணில் விழாமல் குடித்துவிடுகிறாள். அசுரன் வற்றிச் சாகிறான்.

ஆசிரியர்கள் இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். தேவி மகாத்மியத்தில் தேவர்களின் உடலிலிருந்து வருபவர்களின் பட்டியலில் நரசிம்மி இருக்கிறாள். சாமுண்டி அந்தப் பட்டியலில் இல்லை, அவள் தேவியிடமிருந்து வந்தவள். கோயில் சிற்ப வரிசையிலோ பெரும்பாலும் நரசிம்மி இல்லை. ஏழாவது இடத்தில் சாமுண்டி அமர்ந்திருக்கிறாள். அப்படியானால் சிற்பி நூலைப் பார்த்து அப்படியே செதுக்கவில்லை. நூலும் சிற்பமும் தனித்தனியே ஒரு பழைய மரபிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றன.

மச்ச புராணத்தில் கதை வேறு. அந்தகாசுரனின் குருதியைக் குடிக்கச் சிவனே ஏராளமான மாதர்களைப் படைக்கிறார். வேலை முடிந்த பிறகும் அவர்களுடைய பசி அடங்கவில்லை. உலகத்தையே விழுங்கப் புறப்படுகிறார்கள். அவர்களை அடக்கச் சிவன் நரசிம்மரின் உதவியைத் தேட வேண்டியிருக்கிறது. காக்க வந்த தாயே அச்சமும் தருகிறாள். ஏன் இப்படி? அதற்குப் புராணத்துக்கு முந்தைய சான்றுகளைப் பார்க்க வேண்டும்.

3. பிள்ளையைப் பறிக்கும் தாய், பிள்ளையைக் காக்கும் தாய்

மகாபாரதத்தின் வன பருவத்தில் முருகன் பிறப்புக் கதை வருகிறது. பிறந்த குழந்தையைக் கொல்வதற்காக உலக மாதர்கள் அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் குழந்தையைப் பார்த்ததும் மார்பில் பால் சுரக்கிறது. கொல்ல வந்தவர்கள் “எங்களைத் தாயாக ஏற்றுக்கொள்” என்று கேட்கிறார்கள். ஆனால் கதை அங்கே இனிமையாக முடிந்துவிடவில்லை. பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பிடித்து வருத்தும் உரிமையும் அந்தப் பகுதியிலேயே அவர்களுக்குத் தரப்படுகிறது. வழிபட்டால் அவர்களே காப்பார்கள்.

நம் வீட்டுப் பேச்சிலேயே இது தெரியவில்லையா? அம்மை போட்டால் “அம்மா வந்திருக்கா” என்கிறோம். நோயும் அவளே, நோயை இறக்குபவளும் அவளே. தடுப்பூசி இல்லாத காலத்தில், பெற்ற பிள்ளைகளில் பலரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்த தாய்மாருக்கு இந்த நம்பிக்கை வெறும் கதையாக இருந்திருக்காது.

கல்லிலும் இதற்குச் சான்று உண்டு. வட இந்தியாவின் மதுராவில் குஷாணர் காலத்தைச் சேர்ந்த, அதாவது கி.பி. முதல் சில நூற்றாண்டுகளுக்குரிய, சிறு சிற்பப் பலகைகள் கிடைத்துள்ளன. வரிசையாகப் பெண்கள், சிலருக்குப் பறவை முகம், சிலருக்கு விலங்கு முகம், கையில் குழந்தை. இவர்களிடம் சங்கும் இல்லை, சூலமும் இல்லை. எந்த ஆண் தெய்வத்தின் சக்தி என்ற அடையாளமும் இல்லை. எண்ணிக்கையும் ஏழாக நிலைபெறவில்லை. குப்தர் காலத்தில்தான் எழுவரும் பிரமன், சிவன், திருமால் முதலியோரின் அடையாளங்களோடு வரிசைப்படுத்தப்படுகிறார்கள்.

இப்போது சாமுண்டியை நினைத்துப் பாருங்கள். யாருடைய சாயலும் இல்லாத அவளிடம்தான் அந்தப் பழைய, அச்சம் தரும் தாயின் முகம் அதிகம் மிஞ்சியிருக்கிறது.

4. தந்திரம் என்றால் மாந்திரீகமா?

‘தாந்திரிகத் தெய்வம்’ என்றதும் மாணவர்கள் பில்லி சூனியம் என்று எண்ணிவிடுகிறார்கள். திரைப்படங்கள் செய்த வேலை இது! தந்திரம் என்பது முதலில் ஒரு வகை நூலின் பெயர். எந்தத் தெய்வத்தை எந்த மந்திரத்தால், எந்த வரைபடத்தில் எழுந்தருளச் செய்து, யார் யாருக்குத் தீட்சை கொடுத்து வழிபட வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் நூல் அது. இன்று நம் கோயில்களில் நடக்கும் நியாசம், முத்திரை, யந்திரத் தாபனம் ஆகியவை தாந்திரிக மரபோடு தொடர்புடையவையே.

மாதர் கோயிலையும் தந்திரத்தையும் இணைத்துப் பேசும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, இராசத்தானில் உள்ள கங்க்தார் என்னும் ஊரின் கல்வெட்டு. அதன் காலம் மாளவ ஆண்டு 480, அதாவது கி.பி. 423-424. விசுவவர்மன் என்ற அரசனின் அமைச்சன் மயூராட்சகன் திருமாலுக்கு ஒரு கோயில் எடுக்கிறான். குடிநீருக்குப் பெரிய கிணறு வெட்டுகிறான். கூடவே தெய்வத் தாய்மாருக்கும் ஒரு கோயில் கட்டுகிறான். அந்தத் தாய்மார் ஆரவாரிப்பவர்கள், தந்திரத்தால் எழுந்த பெருங்காற்றால் கடலைக் கலக்குபவர்கள், அவர்களுடைய கோயில் டாகினிகள் நிறைந்தது என்று கல்வெட்டு வருணிக்கிறது.

திருமால் கோயில் கட்டியவனும், கிணறு வெட்டியவனும், மாதர் கோயில் எடுத்தவனும் ஒரே ஆள். அவனுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. ‘உயர்ந்த வழிபாடு, தாழ்ந்த வழிபாடு’ என்று நாம் இன்று போடும் கோடு 5ஆம் நூற்றாண்டில் அப்படி இருக்கவில்லை.

5. அரசர்களின் தாய்மார்

அடுத்து இந்த மாதர்கள் அரண்மனைக்குள் வருகிறார்கள். வாதாபிச் சாளுக்கியர் தங்கள் செப்பேடுகளில் தம்மை ‘ஏழு தாயரால் வளர்க்கப்பட்டவர், கார்த்திகேயனால் காக்கப்பட்டவர்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். கடம்பர்களும் முருகனையும் மாதர் கணத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். மகாபாரதத்தில் பார்த்த முருகன்-மாதர் உறவு இங்கே அரசகுலப் பெருமையாகிவிட்டது. ஐகொளெ இராவணபடிக் குடைவரையில் ஆடும் சிவனைச் சூழ மாதர்கள் நிற்கிறார்கள். எல்லோராவில் குழந்தைகளோடு அமர்ந்திருக்கிறார்கள்.

பிள்ளையைக் காத்த தாய் இப்போது நாட்டைக் காக்கிறாள். போருக்குப் போகும் அரசனுக்கு அவள் துணை. இதனால்தான் தமிழகத்திலும் விசயாலய சோழன் தஞ்சையைப் பிடித்ததும் நிசும்பசூதனி கோயிலை எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. நிசும்பனைக் கொன்றவள் என்பது அந்தப் பெயரின் பொருள். தேவி மகாத்மியக் கதை நேராகச் சோழர் தலைநகருக்கு வந்துவிட்டது.

6. தமிழ் மண்ணில்

தமிழுக்கு இவர்கள் அறிமுகமானது எப்போது? சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நினைத்துப் பாருங்கள். கையில் சிலம்போடு வாயிலில் நிற்கும் கண்ணகியைக் கண்டு நடுங்கிய வாயிற்காவலன், பாண்டியனிடம் போய் அவளைக் கொற்றவை, காளி, துர்க்கை என்று பல தெய்வங்களோடு ஒப்பிட்டுப் பேசுகிறான். அந்த வரிசையில் ஆறு பேருக்கு இளையவள் என்றும் ஒருத்தியைச் சொல்கிறான். எழுவரில் இளையவளான பிடாரி என்று அதற்குப் பொருள் கொள்வர். காவலன் தனியாக விளக்கம் சொல்லவில்லை. சொன்னதும் அரசனுக்குப் புரிகிறது. அப்படியானால் எழுவர் மரபு அன்றைய தமிழ் மக்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

பல்லவர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுத்த காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சப்தமாதர் தொகுதி உள்ளது. புதுக்கோட்டைப் பகுதியில் மலையடிப்பட்டி, திருக்கோகர்ணம் ஆகிய இடங்களில் பாறையிலேயே எழுவரையும் செதுக்கியிருக்கிறார்கள். முற்காலச் சோழர் கோயில்களில் மூலவரைச் சுற்றி எட்டுப் பரிவார ஆலயங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று சப்தமாதருக்கு உரியது.

தமிழ்ச் சிற்பியின் கை இங்கே தனியாகத் தெரிகிறது. வட நாட்டுச் சாமுண்டி எலும்பும் தோலுமாய், ஒட்டிய வயிற்றோடு இருப்பாள். தமிழகத்துச் சாமுண்டி பெரும்பாலும் நல்ல உடற்கட்டோடு, இளமையாக, கம்பீரமாக அமர்ந்திருப்பாள். அதே போல எல்லோராவில் காணும் குழந்தைகளை இங்கே பெரும்பாலும் காண முடிவதில்லை. ‘மாதர்’ என்பவர்கள் மக்கள் வாயில் ‘கன்னியர்’ ஆனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிடாரியைப் பற்றியும் ஒரு சொல். ‘பட்டாரிகா’ என்ற வடசொல்லே பிடாரி ஆயிற்று என்பது பல அறிஞர்கள் கருத்து. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், பெரிய கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களைப் பட்டியலிடும்போது, வரி இல்லாத நிலங்கள் எவை என்றும் சொல்கின்றன. ஊர்க் குளம், சுடுகாடு, குடியிருப்பு ஆகியவற்றோடு பிடாரி கோயிலும் ஐயன் கோயிலும் அந்தப் பட்டியலில் வருகின்றன. 1,000 ஆண்டுகளுக்கு முன் சோழ நாட்டு ஊருக்குப் போயிருந்தால் சுடுகாடு எப்படிக் கட்டாயம் இருந்திருக்குமோ, அப்படித்தான் பிடாரியும் இருந்திருப்பாள்.

7. கோலார்ப் பிடாரியார் கோயில்

இந்த இழைகள் எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் கோலார். இன்று கருநாடகத்தில் இருக்கிறது. சோழர் காலத்தில் அதன் பெயர் குவளாலம். அங்கே உள்ள கோலாரம்மன் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் அம்மனைப் பிடாரியார் என்று அழைக்கின்றன. கோயிலுக்குள் சப்தமாதர் வரிசை உண்டு. தேள் கடியிலிருந்து காப்பாள் என்று மக்கள் நம்பும் தேவிக்கும் அங்கே இடம் உண்டு.

1070இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனின் ஆட்சித் தொடக்கத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று, இக்கோயிலின் செலவுகளை வரிசையாகக் குறிப்பிடுகிறது. அதில் யோகினிகளுக்கும் யோகேசுவரர்களுக்கும் உரிய பங்கு இருக்கிறது. இலக்கணமும் யாமளமும் கற்பிப்பவருக்கும் பங்கு இருக்கிறது. யாமளம் என்பது தந்திர நூல் வகைகளுள் ஒன்று. ஊர்ப்பெயரான பிடாரி, புராணப்பெயரான மாதர், தந்திர நூல் படிப்பு, அரசின் கணக்கு எல்லாம் ஒரே சுவரில்! பாட்டி வணங்கும் தெய்வமும் பண்டிதர் வணங்கும் தெய்வமும் வேறு வேறு என்று சொல்பவர்களுக்குக் கோலாரே பதில்.

குலோத்துங்கனின் தந்தைவழி கீழைச் சாளுக்கியர். ஏழு தாயரால் வளர்க்கப்பட்டோம் என்று செப்பேட்டில் எழுதிய மரபு அது. ஆனால் அதனால்தான் கோலாரில் கொடை தந்தான் என்று எழுதிவிடாதீர்கள். கோயில் அவனுக்கு முன்பே இருந்தது. தொடர்பு வேறு, காரணம் வேறு.

8. ஊரை விட்டுப் போன தாய்மார்

9ஆம் நூற்றாண்டு முதல் மத்திய இந்தியாவிலும் ஒடிசாவிலும் 64 யோகினிகளுக்குக் கூரையில்லாத வட்டக் கோயில்கள் எழுந்தன. ஹீராப்பூர், பேடாகாட், மிதாவலி ஆகியவை இன்றும் உள்ளன. மாதர்கள் இந்த யோகினிக் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள்.

தமிழகத்திலும் ஒரு யோகினித் தொகுதி இருந்தது. காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த 10ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் அவை. 1926இல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அவற்றைச் சேகரித்துப் பாரிசில் இருந்த கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவுக்கு அனுப்பினார். ஒரு கோயிலில் கூடி அமர்ந்திருந்த அவர்களில் ஒருத்தி இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், ஒருத்தி பாரிஸ் கீமேயில், ஒருத்தி வாஷிங்டனில், ஒருத்தி டொராண்டோவில். சிலர் மட்டும் சென்னை அருங்காட்சியகத்தில். அவர்கள் இருந்த கோயில் இன்று இல்லை. ஒவ்வொருத்தியும் அழகான தனிச்சிற்பமாகப் பார்க்கப்படுகிறாள். சேர்ந்து இருந்ததன் பொருள் தொலைந்துவிட்டது.

உத்தரப் பிரதேசத்தின் லோக்காரியிலிருந்து திருடுபோன எருமைத்தலை யோகினி 2013இல் பாரிசிலிருந்து இந்தியா திரும்பினாள். அதே ஊரின் ஆட்டுத்தலை யோகினி இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டு 2022இல் ஒப்படைக்கப்பட்டாள்.

9. கன்னிமார்: நம் கதை

சப்த கன்னியரை இன்றும் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் ஏழு கல்லாகவோ ஏழு செங்கலாகவோ வைத்துத் தமிழ் மக்கள் வணங்குகிறார்கள். ஆடிப்பெருக்கில் காவிரிக்கரையில் மஞ்சளும் குங்குமமும் அவர்களுக்குத்தான். கோயிலில் சிற்பமாக இருப்பவர்கள் இங்கே உருவமே இல்லாமல் இருக்கிறார்கள். எது முதலில் வந்தது? ‘கிராமத் தெய்வம் பெருந்தெய்வம் ஆனது’ என்று ஒரே வரியில் எழுதுவது எளிது. உண்மை இருவழிப் பாதை. பெயரற்ற தாய்மார் மேலே போய் வைஷ்ணவி, வாராகி ஆனார்கள். கல்லில் வடித்த எழுவரின் எண்ணிக்கை கீழே வந்து வயலோரத்தில் ஏழு கல் ஆனது.

கடல் கடந்து வந்த நம் முன்னோரும் இந்தத் தாய்மாரை விட்டுவிட்டு வரவில்லை. சிங்கப்பூரில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில் மாரியம்மனுக்கு உரியது. நோய்க்கு அஞ்சி, ஊர் பெயர் தெரியாத காட்டில் குடியேறியவர்கள் முதலில் தேடியது காக்கும் தாயைத்தான். தோட்டப்புறங்களில் பால்மரக் காட்டோரம் நின்ற கற்களும் அந்த வரிசையில் வந்தவையே.

10. தேர்வு எழுதுவோர் கவனத்திற்கு

ஒன்று: புராணத்தைப் புராணம் என்றும், கல்வெட்டைக் கல்வெட்டு என்றும் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘சும்பனோடு போர் நடந்தது’ என்று எழுதாமல், ‘போர் நடந்ததாகத் தேவி மகாத்மியம் கூறுகிறது’ என்று எழுதுங்கள்.

இரண்டு: இராசராசன் வாராகியை வணங்கிவிட்டுத்தான் போருக்குப் போவான் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். அது மக்கள் நம்பிக்கை. அதைக் கல்வெட்டுச் சான்று போல எழுதாதீர்கள்.

மூன்று: நாட்டார் வழிபாட்டைத் ‘தாழ்ந்தது’, ‘மூடநம்பிக்கை’ போன்ற சொற்களால் குறிக்காதீர்கள். வரலாற்று மாணவனின் வேலை விவரிப்பதும் விளக்குவதும்தான்.

பயிற்சி வினாக்கள்:
அ) சப்தமாதர் சிற்ப வரிசைக்கும் தேவி மகாத்மியப் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு என்ன? அதிலிருந்து நாம் அறிவது யாது?
ஆ) கங்க்தார் கல்வெட்டும் கோலார்க் கல்வெட்டும் மாதர் வழிபாடு பற்றித் தரும் செய்திகளை ஒப்பிடுக.
இ) ‘காக்கும் தாயும் அச்சம் தரும் தாயும் ஒருத்தியே’ – சான்றுகளுடன் விளக்குக.
ஈ) உங்கள் வட்டாரத்தில் உள்ள அம்மன் அல்லது கன்னிமார் வழிபாடு பற்றி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

நான்காம் வினாவை மட்டும் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். கல்வெட்டு ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். பாட்டி காத்திருக்க மாட்டார். அந்த மாணவியை அடுத்த முறை பார்த்தபோது இதைத்தான் சொன்னேன்: “உங்க பாட்டி வச்சிருக்கிறது சரித்திரந்தாம்மா. எந்தக் கல்லு யாருன்னு பேர் கேட்டு எழுதி வச்சுக்கோ.” அவள் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். ஐந்து கல்லுக்குத்தான் பாட்டிக்குப் பெயர் நினைவிருந்தது.